ஏழாம் எண் ரைபிளின் முதல் தாள்

திருவண்ணாமலை செங்கம் சாலையில் இருக்கும் அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் தேவிப்ரியா செய்யாத வேலை ஒன்றுதான். அவள் ஊசி எடுக்கமாட்டாள். மற்றதெல்லாம் அவள் கையில்தான் நடக்கிறது. டோக்கன் கொடுப்பாள், குழாய்களில் பெயர் ஒட்டுவாள், கண்ணாடித் தகட்டில் ரத்தத் துளியைப் படலமாக இழுப்பாள், ஆசிரமத்துப் பக்கம் அறையெடுத்துத் தங்கியிருக்கும் வெள்ளைக்காரர்களுக்கு ரிப்போர்ட்டை வரிவரியாக ஆங்கிலத்தில் விளக்குவாள். ஊசி என்று வந்தால் மட்டும் உள்ளே திரும்பி, "ஜோதிம்மா, ஒரு ஆளு" என்று குரல் கொடுத்துவிட்டு நகர்ந்துகொள்வாள். ஜோதியம்மாள் அங்கே மூத்த டெக்னீஷியன்.

இரண்டு வருடம் படித்து டிப்ளமோ வாங்கியவள் ஏன் ஊசி எடுப்பதில்லை என்று யாராவது கேட்டால் சிரித்துக்கொண்டே ஒரு பதில் சொல்வாள்.

"எனக்குக் கை நடுங்குங்க."

அவள் கை நடுங்காது. எனக்கு அது ஆறு வருடமாகத் தெரியும். அவளுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம் நான்.

தேவிப்ரியாவுக்குக் கீழ்பென்னாத்தூர் தாண்டி ஒரு சிற்றூர். அப்பா இருசப்பனுக்கு ஒன்றரை ஏக்கர் நிலம், ஒரு பழைய வேன். நிலத்தில் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போட்டுவிட்டு, கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவே வேனில் ஆள் ஏற்றி இறக்குவார். அவள் பதினேழு வயதிலேயே களத்து மேட்டில் அந்த வேனை முன்னும் பின்னும் ஓட்டிப் பழகியவள். கல்லூரியில் எனக்கு ஒரு வருடம் ஜூனியர். நான் பி.எஸ்சி. இயற்பியல், அவள் விலங்கியல். எங்கள் இரண்டு வீட்டிலும் எங்களுக்கு முன்னால் கல்லூரி வாசலை மிதித்தவர்கள் கிடையாது. என்.சி.சி.யில் சேர்ந்த முதல் நாள் பூட்ஸ் நாடாவைக் கட்டத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். நான் குனிந்து கட்டிவிட்டேன். அன்றிலிருந்து என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

முதன்முதலில் துப்பாக்கியைக் கையில் கொடுத்தபோது அவள் சுட்ட தாளை நான்தான் குண்டு தாங்கும் மண்மேட்டிலிருந்து எடுத்து வந்தேன். ஊருக்கு வெளியே, பழைய கல்குவாரியை ஒட்டி எங்கள் சுடுதளம். குப்புறப் படுத்துக்கொண்டு, மணல் மூட்டை மேல் ரைபிளைத் தாங்கி, இருபத்தைந்து மீட்டர் தள்ளி நிற்கும் தாளில் ஐந்து குண்டு சுட வேண்டும். தேவியின் ஐந்து ஓட்டைகளும் நடு வட்டத்தை விட்டு விலகி, இடது மூலையில் இருந்தன. பின்னால் நின்ற பையன்கள் சிரித்தார்கள். எங்களுக்குப் பயிற்சி கொடுத்த ஹவில்தார் சக்கரவர்த்தி சார் சிரிக்கவில்லை. குடியாத்தம் பக்கத்துக்காரர். பையிலிருந்து ஒரு ஐந்து ரூபாய்க் காசை எடுத்து அந்த ஓட்டைகள் மேல் வைத்தார். ஐந்தும் காசுக்கு அடியில் மறைந்துபோயின.

"இன்னாத்துக்குடா சிரிக்கிறீங்க? நடுவுல பட்டுதா இல்லியான்றது அப்புறம். அஞ்சும் ஒண்ணா கீதா பாரு. அதான் குரூப்பு. நடுவுல வரலன்னா குறிய திருப்பிக்கலாம், ரெண்டு நிமிசம் வேல. செதறிச்சின்னா எத்த திருப்புவ?"

அப்புறம் எங்களுக்கு விளக்கினார். ஐந்து ஓட்டைகளில் எந்த இரண்டு மிகவும் தள்ளி இருக்கின்றனவோ, அவற்றின் நடுவுக்கு நடு அளந்தால் அதுதான் குரூப்பின் அளவு. அளவு கம்மியாக இருந்தால் சுட்டவரும் சரி, துப்பாக்கியும் சரி. ஜாஸ்தியாக இருந்தால் இரண்டில் ஒன்று சரியில்லை. எது என்று அந்தத் தாள் சொல்லாது. அதே துப்பாக்கியை வேறொருவர் சுட வேண்டும், அல்லது அதே ஆள் வேறு துப்பாக்கியால் சுட வேண்டும்.

"அதுவும் ஒரு பேப்பர பாத்துட்டு சொல்லக் கூடாது. துப்பாக்கியும் நம்மள மாரிதான், ஒரு நாளைக்கு நல்லா நடிக்கும்" என்றார்.

தேவி அதன் பிறகு அதையே வேலையாக எடுத்துக்கொண்டாள். வீட்டில் துப்பாக்கிக்கு எங்கே போவது? ஒரு கம்பின் நுனியில் தண்ணீர் பாட்டிலைக் கட்டி, மல்லாட்டைக் கொல்லையில் குப்புறப் படுத்துக்கொண்டு, பாட்டிலுக்குள் தண்ணீர் அசையாமல் பிடித்துப் பழகினாள். அவள் அம்மா எல்லம்மாள் கத்துவாராம்: "மல்லாட்ட புடுங்க வாடின்னா செடிக்கு நடுவுல படுத்துங்கீறா! பாம்பு இன்னான்னு நெனைக்கும்?" அதை எங்களிடம் நடித்துக் காட்டுவாள். பத்து வாரத்தில் பத்துத் தாள்கள் சுட்டிருப்பாள். ஒன்றுகூட நான்கு சென்டிமீட்டரைத் தாண்டியதில்லை. என்னுடையது ஐந்து, சில நாள் ஆறு.

அந்த வருடம் மாநில அளவில் ஒரு துப்பாக்கிச் சுடும் முகாம் வந்தது. எங்கள் கல்லூரியில் பெண்களுக்கு ஒரே ஓர் இடம். முகாமுக்குப் போனால் போலீஸ் வேலைக்கு மனுப் போடும்போது எடுப்பாக இருக்கும் என்பது தேவியின் கணக்கு. இருசப்பனுக்கும் அதில் ஆசை. வேனில் ஏறுகிறவர்களிடமெல்லாம், "எம்பொண்ணு சுட்டா காசளவுதாங்க ஓட்ட உயும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த இடத்துக்கான தேர்வுக்கு இரண்டு நாள் முன்னால் சக்கரவர்த்தி சார் என்னைச் சுடுதளத்துக்கு வரச் சொன்னார். அன்றைக்குப் பௌர்ணமி. எங்கள் மாணவர்களில் முக்கால்வாசிப் பேரைக் கிரிவலப் பாதையில் கூட்டத்தை ஒழுங்குபடுத்த அனுப்பியிருந்தார். காலையிலிருந்தே அவர் போன் அடித்துக்கொண்டிருந்தது. தேர்வுக்கு எடுக்கப்போகும் நான்கு ரைபிள்களையும் சோதிக்க வேண்டும் என்றார். ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாக இரண்டு தாள். நான் சுட வேண்டும், அளக்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும். இயற்பியல் படிக்கிறவள், அளவுகோல் பிடிக்கத் தெரியும், கையெழுத்தும் நன்றாக இருக்கும் என்பதால் என்னைத் தேர்ந்தெடுத்திருந்தார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

"ரெண்டு பேப்பர்ல எது பெருசோ அதான் அந்த ரைபிளோட அளவு. நல்லத மட்டும் காட்டாத. துப்பாக்கிக்கு வெக்கம் கெடையாதும்மா, அதுக்குப் பதிலா நீ வெக்கப்படாத."

இதை அவர் சொன்னார். இதே வார்த்தைகளில் சொன்னார்.

இரண்டாம் எண், மூன்றாம் எண், ஐந்தாம் எண் எல்லாம் ஒழுங்காக வந்தன. ஏழாம் எண்ணை எடுத்தேன். ஐந்து சுட்டேன். ரைபிளைக் காலி செய்து வைத்துவிட்டு மண்மேட்டுக்கு நடந்தேன். சார் வேப்பமரத்தடியில், "தேரடித் தெருவுல யாரு நிக்கிறா?" என்று போனில் கத்திக்கொண்டிருந்தார். தாளைப் பார்த்தேன். ஓட்டைகள் தாள் முழுக்க இருந்தன. ஒன்று மேலே வலது பக்கம், ஒன்று கீழே, இரண்டு நடுவில், ஒன்று ஓரத்தைக் கிள்ளிக்கொண்டு. அளந்தேன். பதினோரு சென்டிமீட்டர்.

அப்போது என் மனதில் ஓடியதை நேராகவே எழுதிவிடுகிறேன். துப்பாக்கியில் கோளாறு என்று எனக்குத் தோன்றவே இல்லை. என் கைதான் தவறிவிட்டது என்று நினைத்தேன். காலையில் சாப்பிடவில்லை, மூச்சைச் சரியாக அடக்கவில்லை, சார் போனில் கத்தினார், அதனால் கை அசைந்துவிட்டது என்று நினைத்தேன். பதிவேட்டில் கடைசிக் கட்டம், 'சுட்டவர்.' அதில் என் பெயர் வரும். அந்தப் பெயருக்கு நேராகப் பதினொன்று என்று நானே எழுத வேண்டும். இரண்டு நாளில் அந்த ஓர் இடத்துக்கு நானும்தான் நிற்கப்போகிறேன்.

தாளை நான்காக மடித்துக் கால்சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். புதுத் தாளை ஒட்டிவிட்டுத் திரும்பி வந்து படுத்தேன். இரண்டாவது ஐந்தைச் சுட்டேன். இந்த முறை நான்கரை வந்தது.

"முதல் பேப்பர் இன்னாச்சு?" என்றார் சார், போனைக் காதிலிருந்து எடுக்காமலே.

"காத்துல கிழிஞ்சிடுச்சு சார். அளந்துட்டேன்."

பதிவேட்டில் எழுதினேன். ரைபிள் எண் ஏழு. முதல் குரூப் ஐந்து. இரண்டாம் குரூப் நான்கரை. சுட்டவர் கவியா.

என் வெட்கத்தை மறைக்க நினைத்தேன். மறைத்தது துப்பாக்கியின் கோளாறை.

தேர்வு நாளில் சீட்டு எழுதிக் குலுக்கினார்கள். எனக்கு இரண்டாம் எண் ரைபிள். தேவிக்கு ஏழு. அவள் சீட்டைப் பிரித்து, "ஏழுக்கா, ராசி நம்பரு" என்று என்னிடம் காட்டினாள். அந்த நேரத்தில் எனக்கு அந்தத் தாள் நினைவுக்கு வரவில்லை என்று பல வருடம் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். வந்தது. வந்த வேகத்திலேயே, அது என் கையின் தவறுதானே என்று சொல்லி அதை அனுப்பிவிட்டேன்.

அவள் ஐந்து சுட்டாள். தாள் வந்தது. பன்னிரண்டு சென்டிமீட்டர்.

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசமாக இருந்தது. தேவி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள், வேறு யாருடையதாவது மாறி வந்துவிட்டதோ என்பதுபோல.

"சார், துப்பாக்கியில ஏதோ கீது சார். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கம் போவுது."

"துப்பாக்கி மேல பழி போடாதம்மா. முந்தா நாளுதான் சோதிச்சிக்கீது" என்று பதிவேட்டைத் திருப்பிக் காட்டினார் சார். "பாரு, அஞ்சு, நாலரை. உங்க அக்காவே சுட்டது. ஏம்மா கவியா?"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அவர் பதிலுக்காகப் பார்த்தார். அவள் என்னை நம்பிப் பார்த்தாள். அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்ற பார்வை.

"ஆமா சார்" என்றேன்.

அதற்குப் பிறகு தேவி தன் வலது கையை முன்னால் நீட்டி, விரல்களை விரித்து, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு நான் சுட்டது ஐந்தரை. முகாமுக்கு நான் போனேன்.

முகாமிலிருந்து திரும்பிய மாதம், பையன்கள் இரண்டு பேர் ஏழாம் எண்ணில் சுட்டபோது குண்டுகள் மறுபடி சிதறின. பட்டாலியனிலிருந்து துப்பாக்கி பழுது பார்க்கிறவர் வந்து கழற்றினார். குழலையும் கட்டையையும் பிணைக்கும் திருகாணி மரை தேய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. சில நேரம் தானாக உட்கார்ந்துகொள்ளும், சில நேரம் ஒவ்வொரு வெடிக்கும் நகரும் என்று சொல்லிவிட்டு, எப்போதிருந்து என்று சொல்ல முடியாது என்றார். சக்கரவர்த்தி சார் அதற்குள் மாற்றலாகிப் போய்விட்டிருந்தார். எப்போதிருந்து என்று சொல்ல அங்கே ஒருத்தியால் மட்டும் முடியும். அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். தேர்வுக்குப் பிறகு சுடுதளத்துப் பக்கமே வராத தேவிக்கு இது தெரியாது.

தேவி அந்த வருடமே என்.சி.சி.யை விட்டாள். போலீஸ் வேலைக்கு மனுப் போடவில்லை. காரணம் கேட்டவர்களிடம் கை நடுங்கும் என்றாள். முதலில் விளையாட்டாகத்தான் சொன்னாள். இருசப்பன் அதைப் பிடித்துக்கொண்டார். களத்து மேட்டில்கூட அவளிடம் வேன் சாவியைக் கொடுக்கவில்லை. பிறகு லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்தாள். பயிற்சியில் முதல் நோயாளிக்கு நரம்பு கிடைக்கவில்லை. எல்லாருக்கும் முதல் முறை கிடைக்காது. இவள் மட்டும், 'எனக்குத்தான் கை நடுங்குமே' என்று ஊசியைக் கீழே வைத்துவிட்டாள்.

என்.சி.சி.யை விட்ட பிறகு நடந்ததையெல்லாம் நான் இந்த வருடம்தான் அவள் வாயால் கேட்டேன். கல்லூரி முடித்ததிலிருந்து நான் வேலை தேடிக்கொண்டிருக்கிறேன். போட்டித் தேர்வுகள், தற்காலிக வேலைகள், மறுபடி தேர்வுகள். ஒவ்வொரு நேர்காணலிலும் என் கோப்பைப் புரட்டுகிறவர்கள் அந்த முகாம் சான்றிதழில் நின்று, "ஓ, ஷூட்டிங்கா?" என்பார்கள். நான் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நான் நன்றாகப் பழகிவிட்டேன். போன மாதம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்தது. மருத்துவச் சான்றிதழ் கேட்டார்கள், ரத்தப் பரிசோதனையோடு. அப்படித்தான் அந்த நிலையத்துக்குப் போனேன்.

"அக்கா!" என்று கவுண்டருக்குப் பின்னாலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். "இன்னாக்கா இது, இவ்ளோ எளைச்சிட்டீங்க? டீ குடிச்சீங்களா?"

"இப்பதான், பஸ் ஸ்டாண்டுல."

"போங்க போங்க. சுகர் பாக்கணும், வெறும் வயித்துல வரணும். நாளைக்கு காலைல வாங்க." சொல்லிவிட்டு உட்காரவைத்து முக்கால் மணி நேரம் பேசினாள். அந்த முக்கால் மணி நேரத்தில் ஒரு முறை உள்ளே போய், இருபது குழாய்கள் நிற்கும் தட்டை ஒற்றைக் கையில் ஏந்தி வந்தாள். மறு கையில் போன். நான் அந்தக் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றுடன் ஒன்று உரசும் சத்தம்கூட இல்லை.

வீட்டுக்குப் போய் என் பழைய இயற்பியல் ரெக்கார்டு நோட்டைத் தேடி எடுத்தேன். அந்தத் தாள் அதில்தான் இருந்தது, நான்காக மடித்தபடி. ஏன் கிழித்துப் போடாமல் வைத்திருந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. என்றைக்காவது கொடுப்பதற்கு என்று சொன்னால் அது என்னை நல்லவளாகக் காட்டிக்கொள்வது. கிழிக்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஏழு மணிக்குப் போனேன். கவுண்டரில் அவள் மட்டும் இருந்தாள். தாளைப் பிரித்து அவள் முன்னால் வைத்தேன்.

"இன்னாக்கா இது?"

"ஏழாம் நம்பர் ரைபிள். தேர்வுக்கு ரெண்டு நாள் முன்னாடி நான் சுட்டது. மொத பேப்பர்."

அவள் தாளைப் பார்த்தாள். பிறகு இழுப்பறையைத் திறந்து அளவுகோலை எடுத்தாள். மேலே இருந்த ஓட்டைக்கும் ஓரத்து ஓட்டைக்கும் நடுவே வைத்தாள்.

"பதினொண்ணு."

"ம்."

"ரிஜிஸ்டர்ல அஞ்சுன்னு இருந்துதே."

"நான் மாத்தி எழுதினேன் தேவி. என் கைதான் தப்புன்னு நெனச்சு மறைச்சேன். அப்புறம் அந்த துப்பாக்கியில கோளாறுன்னு தெரிஞ்சது. அப்பவும் சொல்லல."

அவள் அளவுகோலை எடுக்கவில்லை. உள்ளே ஜோதியம்மாள் யாரிடமோ, "கைய மடக்காதீங்க சாமி" என்று சொல்லும் குரல் கேட்டது.

"அப்பன்னா? எப்ப தெரிஞ்சது?"

"முகாம்லேந்து வந்த மாசம்."

"நான் என்.சி.சி.ய விட்டது அதுக்கப்புறம்" என்றாள். "ரெண்டு மாசம் கழிச்சி. உங்ககிட்ட வந்து சொல்லிட்டுதான் விட்டேன். நீங்க இன்னா சொன்னீங்க தெரியுமா?"

எனக்குத் தெரியும். "உன் இஷ்டம்" என்றேன் அன்றைக்கு.

"உன் இஷ்டம்னீங்க" என்றாள். அவள் குரல் உயரவில்லை. "என் இஷ்டமாக்கா அது?"

மன்னிப்புக் கேட்கத்தான் வந்திருந்தேன். வழியெல்லாம் வாக்கியங்களை அடுக்கிக்கொண்டு வந்தேன். அதைச் சொன்னால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டியிருக்கும், அந்தச் சிரமத்தையும் அவள் தலையில் வைக்கிறேனோ என்று தோன்றியது.

"வேற யார்கிட்ட சொன்னீங்க?"

"யார்கிட்டயும் இல்ல. சக்கரவர்த்தி சாருக்கு எழுதணும்."

"அவருக்கு எப்பனா எழுதுங்க." தன் போனை எடுத்து எண்ணை அழுத்தி என் கையில் கொடுத்தாள். "எங்க நைனாகிட்ட சொல்லுங்க. இப்ப."

இருசப்பன் எடுத்தார். பின்னால் வேன் இஞ்சின் சத்தம், யாரோ ஒரு பெண் கூடையை ஓரமாக வைக்கச் சொல்லும் சத்தம்.

"இன்னாடி தேவி, காலங்காத்தால?"

"நான் கவியாங்க. தேவியோட காலேஜுல..."

"ஆங், துப்பாக்கி சுடுற பொண்ணு! நல்லா கீறியாம்மா?"

"நல்லா இருக்கேங்க. ஒரு விஷயம் சொல்லணும். அன்னிக்கு தேர்வுல தேவி கை நடுங்கலங்க. துப்பாக்கியிலதான் கோளாறு. அது எனக்குத் தெரியற மாதிரி இருந்தது, நான் மறைச்சிட்டேங்க."

"இன்னாம்மா சொல்ற? இஞ்சின் சத்தம், ஒண்ணும் விளங்கல. இரு." இஞ்சின் நின்றது. "சொல்லு."

மறுபடி சொன்னேன். இரண்டாவது முறை சுற்றி வளைக்க வழியில்லை. "நான் பொய் எழுதினேங்க. அதனால தேவிக்குப் போக வேண்டிய இடம் எனக்கு வந்துடுச்சு" என்றேன்.

அந்தப் பக்கம் யாரோ, "வண்டிய எட்றா இருசா, ஆபீசுக்கு நேரமாவுது" என்றார்கள். "கொஞ்சம் கம்முனு இருய்யா" என்றார் அவர்.

"அப்ப அவ கை?"

"நல்லா இருக்குதுங்க. எப்பவும் நல்லாத்தான் இருந்துச்சு."

"ஆறு வருசமா நான் அவகிட்ட வண்டி சாவி குடுக்கலியேம்மா" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "ஊரெல்லாம் நானே சொன்னேன், எம்பொண்ணுக்குக் கை நடுங்கும்னு. பொண்ணு கேட்டு வந்தவங்ககிட்ட கூட சொன்னேன். மறைக்கக் கூடாதுன்னு."

தேவி என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள். "வெச்சிட்றேன் நைனா, ஆளுங்க வராங்க" என்றாள். ஒருவரும் வரவில்லை. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு டோக்கன் கட்டை மேசையில் தட்டித் தட்டி நேராக்கினாள்.

நான் தாளை எடுக்கப் போனேன். அவள் அதன் மேல் கை வைத்தாள். "இது இங்க இருக்கட்டும்."

பிறகு கேட்டாள். "வெறும் வயிறுதான?"

"ஆமா."

"உள்ள வாங்க."

ஜோதியம்மாள் கையுறையை இழுத்துக்கொண்டு வந்தார். "நான் எடுக்கறேம்மா" என்றாள் தேவி.

"இன்னாடி, மழ வரப் போவுதா?" என்றார் ஜோதியம்மாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் கவுண்டருக்குப் போனார்.

தேவி என் இடது கையில் ரப்பர் பட்டையைக் கட்டினாள். முழங்கை மடிப்பில் விரலால் அழுத்திப் பார்த்தாள். ஊசியைப் பிரித்தாள். மூச்சை இழுத்து, பாதி விட்டு, நிறுத்தினாள். அந்த மூச்சு எனக்குத் தெரியும். சுடுதளத்தில் பக்கத்தில் படுத்துக் கேட்டிருக்கிறேன்.

குத்தினாள். ரத்தம் வரவில்லை. ஊசியை வெளியே எடுத்து, பஞ்சை அழுத்தி, வலது கையை நீட்டச் சொன்னாள். வலித்தது. நான் வலித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. இரண்டாவது குத்தில் குழாய் நிறைந்தது.

"சாப்ட்டு ஒன்றரை மணி நேரம் கழிச்சி வாங்க. இன்னொரு வாட்டி எடுக்கணும்."

எதிர்க் கடையில் இட்லி சாப்பிட்டுவிட்டு, அந்தச் சாலையிலேயே மேலும் கீழும் நடந்துவிட்டுத் திரும்பி வந்தேன். இந்த முறை ஊசி ஏறியதே தெரியவில்லை. பார்க்காமல் இருந்திருந்தால் முடிந்துவிட்டது என்று நம்பியிருக்கமாட்டேன்.

"பாத்தியா தேவி, கொஞ்சம்கூட நடுங்கல" என்றேன். சொல்லும்போதே அவசரப்படுகிறேன் என்று தெரிந்தது. அவள் சரியாகிவிட்டாள் என்று யாராவது சொல்ல வேண்டும் என்ற அவசரம் எனக்குத்தான் இருந்தது.

"ஒண்ண வெச்சு சொல்லாதீங்கக்கா" என்றாள். "மூணு ஆச்சு. அஞ்சு வேணும். நாளைக்கு வாங்க. நாளன்னிக்கும் வாங்க."

"என் ரிப்போர்ட்டுக்கு இது போதுமே?"

"உங்க ரிப்போர்ட்டுக்கு இல்ல."

நான் தலையாட்டினேன். அவள் கவுண்டருக்கு வந்து உட்கார்ந்தாள். என்னுடைய அந்த மடிப்பு விழுந்த தாளைத் திருப்பிப்போட்டு, பின்பக்கத்தில் ஒன்றிலிருந்து ஐந்து வரை எண்களை ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினாள். இரண்டுக்கும் மூன்றுக்கும் நேராக 'சரி' என்று எழுதினாள். பேனா ஒன்றுக்கு நேராக வந்து நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"மொதலும் சேத்துதான்" என்று சொல்லிவிட்டு, அதற்கு நேராகத் 'தவறு' என்று எழுதினாள்.

நாளைக்கு நான் வெறும் வயிற்றோடு போக வேண்டிய அவசியம் இல்லை. ஆனாலும் சாப்பிடாமல்தான் போவேன் என்று நினைக்கிறேன்.